உங்க கம்ப்யூட்டரின் கொள்ளுத்தாத்தா சென்னிமலையில் இருக்கார்... தறி மேல ஏறிப் பார்த்திருக்கீங்களா?

உங்க லேப்டாப்பில் லினக்ஸ் போட்டிருக்கீங்களா? உபுண்டு, ஃபெடோரா, டெபியன், எதுவா இருந்தாலும் பரவாயில்லை. டெர்மினலைத் திறந்து பாருங்க. நீங்க எதையும் மாத்தி வைக்கலைன்னா, பெரும்பாலும் ஒரு வரிக்கு 80 எழுத்து என்ற அகலத்தில்தான் அந்த ஜன்னல் திறக்கும். 75 இல்லை, 100 இல்லை, சரியா 80. யார் வெச்ச கணக்கு இது?

அந்த 80-ஐத் துரத்திக்கிட்டே பின்னால் போனா, 1928-ல் ஐபிஎம் கம்பெனி கொண்டுவந்த ஓட்டை போட்ட அட்டையில் போய் நிற்பீங்க. ஒரு அட்டைக்கு 80 பத்தி. அந்தக் காலத்தில் புரோகிராம், டேட்டா எல்லாமே இந்த அட்டையில்தான். அட்டை போய் திரை வந்த பிறகும், பழக்கதோஷத்தில் 80 அப்படியே தங்கிடுச்சு. சரி, அட்டையில் ஓட்டை போட்டு மெஷினுக்கு உத்தரவு கொடுக்கலாம்னு முதலில் யாருக்குத் தோணுச்சு? அதைத் தேடி இன்னும் நூறு வருஷத்துக்கு மேல பின்னால் போகணும். ஆனால், அதுக்கு நீங்க மியூசியம் எதுக்கும் போக வேண்டாம். ஈரோட்டில் இருந்து பஸ் ஏறி சென்னிமலையில் இறங்கினால் போதும்.

சென்னிமலையை உங்களுக்கு முருகன் கோயிலுக்காகத் தெரிஞ்சிருக்கும். கொடிகாத்த குமரன் பிறந்த ஊர் என்றும் தெரிஞ்சிருக்கலாம். அவரும் நெசவுக் குடும்பத்துப் பிள்ளைதான். மற்றபடி நம்ம வீட்டு பீரோவில் மடிச்சு வெச்சிருக்கிற பெட்ஷீட்டும் சென்னிமலையும் ஒண்ணுன்னே சொல்லலாம். பூப்போட்ட, டிசைன் போட்ட பெட்ஷீட் நெய்யும் கைத்தறியை நிமிர்ந்து பாருங்க. நெசவாளர் தலைக்கு மேல, சட்டத்தின் உச்சியில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நூற்றுக்கணக்கான கயிறு கீழே இறங்கும். பெட்டிக்குப் பக்கத்தில், நூலால் கோத்துக் கட்டிய அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். ஒவ்வொரு அட்டையிலும் ஓட்டை, ஓட்டை, ஓட்டை. மிதியை ஒரு மிதி மிதிச்சா ஒரு அட்டை நகரும்.

அந்தப் பெட்டிக்குப் பேர் ஜக்கார்டு. மெஷின் பேர்தானேன்னு நினைச்சுக்கிட்டு நானும் ரொம்ப நாள் இருந்தேன். அது ஒரு மனுஷன் பேருங்க.

தறி மேல ஏறிய பையன்

ஜோசப் மாரி ஜக்கார்டு, 1752 ஜூலை 7-ம் தேதி பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்தில் பிறந்தார். பட்டுக்கு நமக்குக் காஞ்சிபுரம் மாதிரி அவங்களுக்கு லியோன். அப்பா பட்டுத்தறி வைத்திருந்த நெசவாளர். வீட்டில் ஒன்பது குழந்தைகள். பிழைத்தது இரண்டே பேர், ஜக்கார்டும் ஒரு அக்காவும். பத்து வயசில் அம்மாவும் போயிட்டாங்க. பள்ளிக்கூடம்? 13 வயசு வரைக்கும் எழுதப் படிக்கவே தெரியாது. அக்காவைக் கட்டிய மாமா அச்சகம், புத்தகம் என்று தொழில் செய்தவர். அவர்தான் எழுத்து சொல்லிக்கொடுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் தறி வேலையைப் பார்த்துட்டுப் போயிடலாம். இல்லைன்னா இந்த மனுஷன் என்ன செஞ்சார்னு புரியாது. தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு நூல். குறுக்கே நாடா எடுத்துப் போவது ஊடை நூல். வெறும் துணி நெய்ய, ஒண்ணுவிட்டு ஒண்ணு பாவை மேலே தூக்கி நாடாவை விட்டா போதும். பூ வேணும், மயில் வேணும்னா கதை வேற. ஒவ்வொரு முறை நாடா போகும்போதும், ஆயிரக்கணக்கான பாவு நூலில் எதெல்லாம் மேலே வரணும், எதெல்லாம் கீழேயே கிடக்கணும்னு தனித்தனியா முடிவு பண்ணணும். மேலே அல்லது கீழே. இரண்டே நிலைதான். கம்ப்யூட்டர் படிக்கிறவங்களுக்கு இப்பவே மண்டையில் மணி அடிச்சிருக்கும்.

லியோனில் அந்த நூலைத் தூக்குற வேலைக்குன்னே தனியா ஒரு ஆள், பெரும்பாலும் சின்னப் பையன். தறியின் மேலேயோ பக்கத்திலேயோ இடுக்கில் உட்கார்ந்து, ஈயக்குண்டு கட்டிய கயிற்றுக் கொத்துகளை வரிசை மாறாமல் இழுத்துப் பிடிக்கணும். கீழே பெரியவர் நாடாவை விடுவார். ஒரு கொத்து மாறினா பூவுக்குக் கோணல் மூக்கு. காஞ்சிபுரத்திலும் ஜக்கார்டு வருவதற்கு முன்னால் 'அடை' முறையில் இப்படித்தான் உதவிக்கு ஓர் ஆள் வேணும். லியோன் பையன்களுக்கு நாள் முழுக்க இதே வேலை. முதுகும் கையும் வளைஞ்சு போகும். சின்ன வயசில் ஜக்கார்டும் அப்பா தறியில் இதே வேலையைத்தான் பார்த்தார்னு அவர் கதையை எழுதினவங்க சொல்றாங்க.

அவருக்கு 20 வயசானப்ப அப்பா இறந்தார். வீடு, தறி, திராட்சைத் தோட்டம் எல்லாம் கைக்கு வந்தது. அத்தனையும் அவர் கையில் நிக்கலை. 1778-ல் க்ளோதீன் என்ற, கணவரை இழந்த பெண்ணைக் கல்யாணம் செய்தார். அடுத்த வருஷம் ஒரு மகன். அதுக்கப்புறம் கடன், தோத்துப்போன தொழில், வித்துப்போன சொத்து. நம்ம ஊரில் இதைக் கேட்டா யாரும் ஆச்சர்யப்பட மாட்டாங்க. தெருவுக்கு ஒரு ஜக்கார்டு இருப்பார்.

அப்புறம் பிரெஞ்சுப் புரட்சி. 1793-ல் பாரிஸ் அரசுக்கு எதிராக லியோன் நகரம் எழுந்தது. அப்பாவும் மகனும் நகரத்தின் பக்கம் நின்று சண்டை போட்டாங்க. நகரம் விழுந்தது. தப்பிச்சு ஓடி, எந்தப் படையை எதிர்த்தாங்களோ அந்தப் படையிலேயே சேர்ந்தாங்க. அங்கே ஒரு சண்டையில் அந்த ஒரே மகன், அப்பா பக்கத்தில் இருக்கும்போதே குண்டடிபட்டுச் செத்தான். ஜக்கார்டு லியோனுக்குத் திரும்பி வரும்போது வயசு நாற்பத்தைந்தைத் தாண்டிடுச்சு. காசில்லை, பிள்ளையில்லை, பட்டம் எதுவும் கிடையாது. அவர் பேரை உலகம் சொல்லப்போற வேலை எதையும் அவர் இன்னும் தொடங்கவே இல்லை.

யார் எழுதின கோடு இது?

தறியை நோண்ட ஆரம்பிச்சார். 1801-ல் பாரிஸ் தொழில் கண்காட்சியில் அவருடைய தறி ஒன்றுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. மீன் வலை பின்னும் மெஷின் ஒன்றையும் செய்தார். அது அரசாங்கத்தின் கண்ணில் பட, 1803 வாக்கில் பாரிஸில் உள்ள கலை, தொழில் கருவிகள் காப்பகத்துக்குக் கூப்பிட்டுக்கிட்டாங்க. பழைய மெஷின்கள் எல்லாம் அடுக்கி வெச்சிருந்த இடம் அது. ஒரு நோண்டுற ஆளுக்கு அதைவிட வேற என்ன வேணும்?

அங்கே தூசி படிந்து கிடந்தது வோகான்சோன் என்பவர் 1740-களில் செய்த தறி. இந்த வோகான்சோன் பெரிய ஆள். இறக்கை அடிச்சு, தீனி தின்னும் இயந்திர வாத்து செய்து ஊரையே வாய்பிளக்க வைத்தவர். நூலைத் தானாகத் தூக்கும் தறி ஒன்றையும் செய்தார். நெசவாளர்கள் அவர் மேல் கல்லெறிந்தார்கள். தறி காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால், வோகான்சோனும் சும்மா ஆரம்பிக்கலை. அவருக்கு முன்னால் 1725-ல் பூஷோன் என்ற லியோன்காரர் ஓட்டை போட்ட காகிதச் சுருளை வைத்து நூலைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தார். காகிதம் கிழிந்தது. மூணு வருஷம் கழித்து அவர் கூட்டாளி ஃபால்கோன், சுருளுக்குப் பதில் அட்டைகளைக் கோத்துக் கட்டினார். தப்பு வந்தா மொத்தச் சுருளையும் தூக்கிப்போட வேண்டாம், ஒரு அட்டையை மாத்தினா போதும். ஆனாலும் அதை அழுத்த ஒரு ஆள் பக்கத்திலேயே நிக்கணும். அந்த ஆளைத்தான் வோகான்சோன் எடுத்தார்; ஆனால் அட்டைகளை விட்டுட்டு உருளைக்குப் போனார். டிசைன் நீளம் சுருங்கிடுச்சு.

ஜக்கார்டு செய்தது இந்த மூணு பேர் வேலையையும் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் உருப்படியானதை எடுத்து, ஒரே பெட்டிக்குள் ஓட வைத்ததுதான். ஃபால்கோனின் அட்டை, வோகான்சோனின் தானியங்கி ஏற்பாடு. 1804-ல் மெஷின் தயார். அவருக்கு வயசு 52.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. நாலு முகமுள்ள ஒரு கட்டை, அட்டையைக் கொண்டுவந்து வரிசையாக நிற்கும் ஊசிகள் மேல் அழுத்தும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போயிடும்; அதோட சேர்ந்த கொக்கி தன் இடத்திலேயே நிற்கும்; மேலே போகும் கத்தி அதை மாட்டித் தூக்கும்; பாவு நூல் மேலே வரும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகும், நூல் கீழேயே கிடக்கும். கட்டை ஒரு கால் சுற்று சுற்றும். அடுத்த அட்டை. அவ்வளவுதான். டிசைன் மாத்தணுமா? தறியைக் கழற்ற வேண்டாம், அட்டை மாலையை மாத்துங்க. ஹார்டுவேர் வேற, சாஃப்ட்வேர் வேறன்னு நாம இன்னைக்குச் சொல்றதைத் தொட்டுப் பார்க்கணும்னா அது இதுதான்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல். பூஷோன், ஃபால்கோன் பேரெல்லாம் சென்னிமலையில் யாருக்குத் தெரியும்? ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் ஏதாவதில் போய்ப் பாருங்க, ஒரு கமாவை மாற்றியவர் பேர்கூடப் பதிவாகி இருக்கும். ஜக்கார்டுக்கு அப்புறமும் கதை முடியலை. முதலில் வந்த மெஷின்கள் அடிக்கடி மக்கர் பண்ணுச்சு. 1815 வாக்கில் ப்ரெத்தோன் என்ற மெக்கானிக் அட்டை நகரும் ஏற்பாட்டைச் சரி பண்ணின பிறகுதான் அது நம்பி வேலைக்கு வைக்கக்கூடிய பொருளாச்சு. அவர் பேரும் பெட்டி மேல இல்லை.

ஊருக்குப் பொதுவாக்கிய ராஜா

1805 ஏப்ரலில் நெப்போலியன் லியோனுக்கு வந்தார், மெஷினைப் பார்த்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையிலேயே நான் அதிகம் யோசித்த இடம். மெஷினின் உரிமை லியோன் நகரத்துக்கு வழங்கப்பட்டது. அதாவது, அது ஒரு ஆளின் சொத்து இல்லை. யார் வேணும்னாலும் செய்யலாம், ஓட்டலாம். பதிலுக்கு ஜக்கார்டுக்கு வருஷம் 3,000 பிராங்க் உதவித்தொகை. அதோட, ஆறு வருஷத்துக்கு, இந்த மெஷினை மாட்டும் ஒவ்வொரு தறிக்கும் 50 பிராங்க்.

ஹெல்சிங்கியில் படிச்சுக்கிட்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ல் தன் லினக்ஸை ஊருக்குத் திறந்துவிட்டதை நாம பெரிய கதையாகச் சொல்றோம். சரிதான், பெரிய கதைதான். ஆனால், அதுக்கு 186 வருஷம் முன்னாடியே ஒரு பேரரசு, ஒரு மெஷினைப் பொதுவாக்கியது. பொதுவாக்கியதோட நிறுத்தாமல், செய்தவர் சோத்துக்கும் வழி பண்ணியது. இன்னைக்கு நாம ஃப்ரீயா டவுன்லோடு பண்ற எத்தனையோ சாஃப்ட்வேரை, ராத்திரி தூக்கத்தை விட்டுட்டுச் சம்பளமில்லாம பார்த்துக்கிற ஆட்கள் இருக்காங்க. அவங்க இந்த 50 பிராங்க் கணக்கைக் கொஞ்சம் பொறாமையோடதான் படிப்பாங்க.

திறந்துவிட்டதால் மெஷின் பரவியது. பிரான்ஸ் முழுக்க, பிறகு இங்கிலாந்து, பிறகு கடல் தாண்டி. நம்ம கைத்தறி உச்சிக்கு அந்தப் பெட்டி வந்து சேர்ந்ததும் அந்தப் பரவலின் ஒரு கிளைதான்.

ஆனால் லியோன் நெசவாளர்கள் கை தட்டலை. இழுப்புப் பையனின் வேலை போச்சு. நாளைக்கு நம்ம வேலையும் போகும்னு பயந்தாங்க. மெஷின்களை உடைச்சாங்க. பொது இடத்தில் போட்டு ஒரு மெஷினை உடைத்து, இரும்பை இரும்பு விலைக்கும் மரத்தை மர விலைக்கும் வித்தாங்கன்னு பழைய வரலாறுகள் சொல்லுது. ஜக்கார்டையும் அடிக்க வந்திருக்காங்க. நெசவாளர் மகன், நெசவாளர் தெருவில் ஒளிஞ்சு நடக்க வேண்டிய நிலை.

அவங்க பயந்தது முட்டாள்தனமா? எனக்கு அப்படிச் சொல்லத் தோணலை. மெஷின் எடுத்துக்கிட்டது நெசவாளர் வேலையை இல்லை, உதவியாள் வேலையை. நாடா விடவும் மிதிக்கவும் ஆள் வேணும்தான். ஆனால் தறிக்குள் நுழைகிற முதல் படியே அந்த உதவியாள் வேலைதானே? இப்ப ஐடி வேலைக்குப் போற உங்களுக்கு இது நல்லாவே புரியும். ஏஐ வந்து சீனியர் வேலையை எடுக்கலை. ஃப்ரெஷருக்குக் கொடுக்கிற சின்னச் சின்ன வேலையைத்தான் முதலில் எடுக்குது. அதேசமயம், அந்தக் கயிற்றை இழுத்துக் கூன் விழுந்த பையன்களை நினைச்சா, அந்த வேலை போனதுக்கு அழவும் முடியலை. கயிற்றை விட்ட பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடம் போகலை என்பது வேற விஷயம்.

ஜக்கார்டுக்கு 1819-ல் லெஜியன் ஆஃப் ஹானர் விருது கிடைத்தது. லியோனுக்குப் பக்கத்தில் ஊலான் என்ற ஊரில் கடைசிக் காலத்தைக் கழித்தார். அங்கிருந்தே அவர் பார்த்திருப்பார்: 1831-லும் 1834 ஏப்ரலிலும் லியோன் பட்டு நெசவாளர்கள் கூலிக்காகத் தெருவில் இறங்கினாங்க, ராணுவம் சுட்டு அடக்கியது. நூற்றுக்கணக்கில் செத்தாங்க. அந்தச் சண்டை மெஷினுக்கு எதிராக இல்லை, நெசவுக்கு என்ன விலை என்பதற்காக. வியாபாரி சொல்ற விலையா, நெய்யறவர் கேட்கிற விலையா? சென்னிமலையில் யார்கிட்ட வேணும்னாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க, காபி ஆறும் வரைக்கும் பேசுவாங்க. அதே 1834 ஆகஸ்ட் 7-ம் தேதி ஜக்கார்டு இறந்தார். வயசு 82. ஆறு வருஷத்தில் அதே லியோன் அவருக்குச் சிலை வைத்தது.

பட்டுக்கு வந்தது, கணக்குக்குப் போச்சு

அவர் செத்த அந்த வருஷத்தில்தான் லண்டனில் சார்லஸ் பாபேஜ் தன்னுடைய 'அனலிட்டிகல் எஞ்சின்' என்ற பொதுக் கணக்கு மெஷினுக்கு வரைபடம் போட ஆரம்பித்திருந்தார். அதுக்கு உத்தரவு கொடுப்பது எப்படின்னு யோசித்தவருக்குத் தறி அட்டை கிடைத்தது. பட்டில் நெய்த ஜக்கார்டின் படம் ஒன்றை பாபேஜ் வாங்கி வீட்டில் மாட்டியிருந்தார். 1839-ல் லியோனில் நெய்தது. அதை நெய்ய 24,000 அட்டை ஆச்சு. வந்தவங்க அதை அச்சடித்த ஓவியம்னே நினைச்சுக்குவாங்களாம். பாபேஜின் மெஷின் கடைசி வரை முழுசாகக் கட்டப்படவில்லை. அட்டை வேற வழியில் பிழைத்தது. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹொலரித் என்ற இன்ஜினீயர் ஓட்டை அட்டையை வைத்து எண்ணினார். அவருடைய கம்பெனி மற்ற கம்பெனிகளோடு சேர்ந்து, 1924-ல் ஐபிஎம் என்று பேர் மாத்திக்கிச்சு. அப்புறம்தான் நாம ஆரம்பத்தில் பார்த்த 80.

துணிக்காகச் செய்ததைக் கணக்குக்கு எடுத்துக்கிட்ட இந்த வேலை, இப்பவும் நடக்குது. 2012-ல் டொரன்டோ பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, ஏஐ வரலாற்றையே திருப்பிப் போட்ட தன் நியூரல் நெட்வொர்க்கை எதில் பழக்கினார் தெரியுமா? கேம் ஆடுறதுக்காக விற்ற இரண்டு என்விடியா ஜிடிஎக்ஸ் 580 கார்டில். பெற்றோர் வீட்டில், தன் படுக்கையறையில் உட்கார்ந்து. பழைய கேமிங் கார்டை வாங்கி, லினக்ஸ் போட்டு, டிரைவரோட மல்லுக்கட்டி, ராத்திரி இரண்டு மணிக்குச் சின்னதா ஒரு மாடலை ஓட வைக்கிற ஆள் நீங்கன்னா, பாரிஸ் காப்பகத்தில் தூசி தட்டிக்கிட்டிருந்த அந்த ஐம்பது வயசுக்காரர் உங்க ஆள்தான். என்ன, அவர் மெஷினைப் பிரித்தால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். உங்க கார்டுக்குள்ளே என்ன நடக்குதுன்னு கம்பெனி சொல்றவரைக்கும்தான் தெரியும்.

சென்னிமலைக்கு வருவோம். 1985-ல் வந்த கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம், பெட்ஷீட் உட்பட சில ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது, கைத்தறிக்கு மட்டும்தான்னு சொல்லுது. சட்டத்தை மீறி விசைத்தறியில் நெய்து கைத்தறின்னு விற்கிறாங்க என்பது இங்கே நெசவாளர்களுக்கு ஆறாத வருத்தம். தலைக்கு மேல ஜக்கார்டுப் பெட்டி இருந்தாலும் மிதிக்கிறது அவங்க கால்தான், நாடா ஓட்டுறது அவங்க கைதான். நாள் முழுக்க மிதிச்சாலும் கூலி என்னவோ அளந்துதான் வருது. அதனால் தறிக்கூடத்தில் பெரும்பாலும் அப்பாக்கள்தான். பிள்ளைங்க பெருந்துறையிலும் கோவையிலும் கம்ப்யூட்டர் படிக்கிறாங்க.

வீட்டில் ஜக்கார்டு டிசைன் பெட்ஷீட் இருந்தா இப்பவே எடுங்க. ஏதாவது ஒரு பூவை மொபைல் கேமராவில் நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க. பாவு நூல் மேலே தெரியற இடமெல்லாம் அட்டையில் ஓட்டை. ஊடை மேலே வந்து பாவு மறைஞ்ச இடமெல்லாம் ஓட்டை இல்லை. இப்ப துணியைத் திருப்புங்க. அதே பூ, நிறம் மாறி இருக்கும்.